மட்டக்களப்பு வீதிக்கு எந்தக் கார்: இருப்பதைச் சீர்செய்வதா, தானாக பிரேக் பிடிப்பதை வாங்குவதா?

அக்கா மகன் அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறவன். ஒரு வழிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். காலையில் வெளிச்சத்தோடு வந்துவிடுவான், திரும்பும்போது களுவாஞ்சிகுடி தாண்டும் முன்பே இருட்டிவிடும். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, இந்தக் காரை வித்துப்போட்டு தானா பிரேக் பிடிக்கிற ஒண்டு எடுக்கட்டா? இல்லாட்டி இதையே திருத்தி ஓடட்டா?"

அவனுடைய கார் 2007இல் ஜப்பானில் செய்தது. ஏபிஎஸ் (பலமாக பிரேக் மிதித்தாலும் சில்லு இறுகி வழுக்காமல் பார்ப்பது) உண்டு, முன்னால் இரண்டு எயார் பேக் உண்டு. அதற்கு மேல் பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் உடனே பதில் சொல்லவில்லை. 'தானாக பிரேக் பிடிக்கிற கார்' என்ற ஒரே பெயரில் இப்போது விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று வெகுதூரம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. விற்பனை முற்றத்தில் 2014ஆம் ஆண்டு ஹொண்டா வெசலும் புதிதாக இறங்கிய டொயோட்டா யாரிஸ் குரொஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் விற்கிறவர் சொல்வது ஒன்றுதான்: "சென்சர் எல்லாம் இருக்கு." அந்த 'எல்லாம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் முன்னால் இருந்த வழிகள் மூன்று. இருக்கிற பழைய காரையே நன்றாகச் சீர்செய்து ஓடுவது. 2013 முதல் 2017 வரையான காலத்து ஜப்பான் காரொன்றை எடுப்பது. இவற்றில்தான் தானியங்கி பிரேக்கின் முதல் வடிவங்கள் வந்தன. அல்லது லீசிங் போட்டு, 2020க்குப் பின் செய்த, கெமராவும் ரேடாரும் உள்ள காரை எடுப்பது.

## எதை வைத்து அளப்பது

முதலில் இருட்டு. நம் பக்கத்து விபத்துப் பயம் பெரும்பாலும் மாலை ஆறரைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. சித்தாண்டி, வந்தாறுமூலைப் பக்கம் வீதியில் படுத்திருக்கும் மாடுகள், பின்விளக்கு இல்லாமல் போகும் உழவு இயந்திரப் பெட்டி, வயலில் இருந்து விளக்கில்லாத சைக்கிளில் திரும்புகிறவர், இஷாத் தொழுகை முடிந்து வெள்ளை உடுப்பிலும் கறுப்பு உடுப்பிலும் வீதியைக் கடக்கிறவர்கள். ஒரு கார் இவற்றில் எதைக் கண்டுகொள்ளும், எதைக் கண்டுகொள்ளாது என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு செக்கனில் 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கில் பதிய ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், அதற்குள்ளேயே 29 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில், நல்ல டயரோடு, அதன்பிறகு நிற்க இன்னும் 27 அல்லது 28 மீற்றர். மொத்தம் 57 மீற்றர் அளவில். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் 75 மீற்றரையும் தாண்டும். எதிரே வாகனம் வருவதால் லைட்டை டிம் பண்ணியிருக்கும்போது கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவரை அந்தத் தூரத்தில் காண்பது கடினம். அதே கார் 50இல் போனால் காய்ந்த வீதியில் 35 மீற்றரில் நின்றுவிடும். ஊர்மனைகளுக்குள் 50, வெளியே 70 என்ற சட்ட எல்லைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். கல்முனைக்கும் கல்லடிக்கும் இடையில் ஊர்மனை முடியும் இடமே குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவித் தொழில்நுட்பம் செய்வது, அந்த ஒன்றரைச் செக்கனைச் சுருக்குவதும், நாம் தயங்கித் தயங்கி மிதிக்கும் பிரேக்கை முழுதாக மிதிப்பதும்தான். அதன் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. காப்புறுதிக் கம்பனிகளின் பணத்தில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்க வீதிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வாகனத்தின் பின்புறத்தில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாகக் கண்டது. பாதசாரியைக் கண்டு நிறுத்தும் வகையால் பாதசாரி விபத்துகள் நூற்றுக்கு 27 குறைந்தன என்று 2022இல் அதே நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொரு முடிவும் இருந்தது: தெருவிளக்கு இல்லாத இருட்டில் அந்த வசதி இருந்த காருக்கும் இல்லாத காருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வாவிக்கு மேற்கே, இருட்டான படுவான்கரையில் வீடுள்ள ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, எந்த வேகம்வரை வேலை செய்யும் என்பது. மூன்றாவது, பழுதானால் இங்கே யார் திருத்துவார் என்பது. நான்காவது, கார் எச்சரிக்கும்போது அது என்ன சொல்கிறது என்று ஓட்டுகிறவருக்கு விளங்குமா என்பது. விலையை இவற்றுக்குப் பிறகு பார்க்கலாம்.

## முதல் வழி: இருக்கிற காரைச் சீர்செய்வது

இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மஞ்சள் பூத்த முகப்பு விளக்குக் கண்ணாடியைப் பொலிஷ் பண்ணி, விளக்கின் உயரத்தைச் சரியாக வைத்தாலே இரவில் முன்னால் தெரியும் தூரம் கூடுகிறது. நாலு டயரையும் ஒன்றாக மாற்றினால் மழையில் நிற்கும் தூரம் குறைகிறது. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறது என்று பத்து வருட டயரை வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நம் வெயிலில் ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து இறுகிவிடும். பிரேக் ஒயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்.

பின்பக்கக் கெமரா பூட்டலாம். வீட்டு முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் பூட்டுங்கள். ஹலஜன் விளக்குக்குள் மலிவு எல்ஈடி பல்ப் போடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நமக்கு வெளிச்சம் கூடியதுபோல இருக்கும். எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் கூசி வீதியே தெரியாது.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. 2000க்குப் பிந்திய பல ஜப்பான் கார்களில் டகாட்டா கம்பனியின் எயார் பேக் இருந்தது. அதை விரிக்கும் அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதனிலும் பல வருடம் கிடந்தால் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடும். உலகிலேயே பெரிய வாகனத் திரும்பப் பெறல் அதனால்தான் நடந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர் நம்முடையது. ஆகவே பழைய காரை வைத்துக்கொள்வதென்றால், செசி இலக்கத்தைக் கொடுத்து அந்தக் காரின் உள்ளூர் முகவரிடம் கேட்டுவிடுங்கள். டயருக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான்.

இந்த வழி யாருக்குச் சரி? பகலில் ஊருக்குள் ஓடுகிறவருக்கு. சந்தை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்று 40, 50இல் போய்வருகிறவருக்கு. எயார் பேக்கே இல்லாத சிறிய காரை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். 2014இல் குளோபல் என்காப் அமைப்பு எயார் பேக் இல்லாத இந்திய ஆல்டோ 800ஐ மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுப் பார்த்தபோது, வளர்ந்தவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு டயர் மாற்றிப் பயனில்லை, காரைத்தான் மாற்ற வேண்டும்.

## இரண்டாம் வழி: 2013 முதல் 2017 வரையான ஜப்பான் கார்

எல்லாரும் அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2013 இறுதியில் வந்த முதல் வெசலிலும் அந்தக் காலத்து ஃபிட்டிலும் இருந்த தானியங்கி பிரேக், கண்ணாடியின் மேற்பகுதியில் உள்ள லேசரால் முன் வாகனத்தைப் பார்ப்பது. மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுவரைதான் அது வேலை செய்யும். அந்தக் காலத்து சுசுகி வகன் ஆர் கார்களில் வந்த ரேடார் பிரேக் சப்போர்ட்டும் அப்படித்தான், 5 முதல் 30வரை. காத்தான்குடியில் ஈச்சமரங்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போகும்போது முன்னால் போகிற ஓட்டோ திடீரென்று நின்றால் உங்கள் பம்பரைக் காப்பாற்றும். குருக்கள்மடத்தைத் தாண்டி 60இல் போகும்போது அது விழித்திருக்காது. மனிதரையும் மாட்டையும் பார்க்க அது செய்யப்படவில்லை.

2015 மார்ச்சில் கொரோலா அக்சியோவில் வந்த டொயோட்டா சேஃப்டி சென்ஸ் சி என்ற பாதுகாப்புத் தொகுதி அதற்கு அடுத்த படி. லேசரோடு ஒரு கெமராவும் சேர்ந்தது. தானியங்கி பிரேக் 10 முதல் 80 கிலோமீட்டர்வரை. வீதியில் போட்ட கோடு தாண்டி விலகினால் சத்தம் போடும், எதிரே வாகனம் இல்லாதபோது தானாக ஹைபீம் போடும். அதிலும் பாதசாரியைக் காணும் வசதி இல்லை. எல்லாத் தரத்திலும் இது வரவுமில்லை, ஆகவே 2016 அக்சியோ என்றாலே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. முன்கண்ணாடியில், பின்பக்கம் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி இருக்கிறதா, அதை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஜப்பான் ஏலத்தில் காரின் விபரம் எழுதிய ஏலத் தாளையும் கேளுங்கள்.

சரி, லேசர் இவ்வளவுதான் என்றால் ஏன் இந்த வழி? ஈஎஸ்சிக்காக. டொயோட்டா இதை விஎஸ்சி என்கிறது, ஹொண்டா விஎஸ்ஏ என்கிறது, சுசுகி ஈஎஸ்பி என்கிறது. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். கார் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் தேவைப்பட்ட ஒரு சில்லுக்கு மட்டும் பிரேக் போட்டு நேராக்கும். இருட்டோ மழையோ அதற்கு ஒன்றுதான், ஏனென்றால் அது வெளியே பார்ப்பதில்லை. காரின் அசைவை உணர்கிறது. கண்ணாடி உடைந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை.

நம் வீதியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மாட்டைக் கண்டு ஸ்டியரிங்கை வெட்டுகிறோம். இடது சில்லு தாரை விட்டுக் கிரவலில் இறங்குகிறது. பயத்தில் திரும்பவும் வலப்பக்கம் வெட்டுகிறோம். கார் சுழன்று எதிர்ப்பக்கத்துக்குப் போகிறது, அல்லது வாய்க்காலில் கவிழ்கிறது. அந்த இரண்டாவது வெட்டில் காரைப் பிடித்துவைப்பது ஈஎஸ்சி. ஒரு வாகனம் தனியே சிக்கும் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பை இது ஏறத்தாழ பாதியாக்குகிறது என்பது பல வருடத் தரவில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. ஜப்பானில் 2012 ஒக்டோபர் முதல் புதிதாக அறிமுகமான சாதாரணக் கார்களுக்கு இது கட்டாயம். வகன் ஆர் போன்ற கேய் ரகச் சிறு கார்களுக்கு 2014 ஒக்டோபர் முதல். பழைய காரில் பின்னால் பூட்டக்கூடிய சாமான் அல்ல இது. பணம் கொடுத்து வாங்க வேண்டிய முதல் தொழில்நுட்பம் எது என்று என்னைக் கேட்டால் லேசரையும் கெமராவையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஏபிஎஸ்ஸையும் ஈஎஸ்சியையும் நம்ப வேண்டாம். நெல்மணியின் மேல் டயருக்குப் பிடியே இல்லை, பிடி இல்லாத இடத்தில் எந்தக் கணினிக்கும் செய்ய ஒன்றுமில்லை.

## மூன்றாம் வழி: 2020க்குப் பின் செய்த கார்

2020 பெப்ரவரியில் ஜப்பானில் வந்த டொயோட்டா யாரிஸை எடுத்துக்கொள்வோம். ரேடாரும் கெமராவும் சேர்ந்து பார்க்கின்றன. பாதசாரியைப் பகலிலும் இரவிலும், சைக்கிளைப் பகலில் கண்டுகொள்ளும்படி அது செய்யப்பட்டது. ஜப்பானில் 2021 நவம்பர் முதல் புதிதாக அறிமுகமாகும் உள்நாட்டுக் கார்களுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயம். முதல் தலைமுறைக்கும் இதற்கும் உள்ள தூரம் உண்மையிலேயே பெரியது.

மாடு? மனித உருவத்தையும் வாகனத்தின் பின்புறத்தையும் அடையாளம் காணப் பழக்கிய கெமராவுக்குப் படுத்திருக்கும் எருமை ஒரு பெயரில்லாத நிழல். பெரிய விலங்கைக் கண்டு பிரேக் போடும் வசதியை வொல்வோ 2016இல் எஸ்90 காரில் கொண்டுவந்தது. மூஸ் என்ற பெரிய மானினமும் மானும் குதிரையும் உள்ள சுவீடனுக்கு அது தேவைப்பட்டது. புணானையிலும் வெலிக்கந்தையிலும் யானை நிற்கும் இரவுக்கு, நாம் வாங்கக்கூடிய காரெதையும் நம்பிப் போக முடியாது. வேகத்தைக் குறைப்பது மட்டும்தான் இருக்கிறது.

இந்தக் காரின் செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. என் தங்கையின் காரில் மன்னம்பிட்டிக்குக் கிட்ட லொறியிலிருந்து தெறித்த கல் பட்டு முன்கண்ணாடி வெடித்தது. ஒரு கராஜில் கண்ணாடியை மாற்றினார்கள், வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கெமராவைக் கழற்றிப் பூட்டிய பிறகு அதன் பார்வைக் கோணத்தை அளவுதிருத்தம் செய்யவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சில நாளில் அந்தக் கார் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஓட்டோவைக் கண்டு கத்தத் தொடங்கியது, ஒரு தடவை வெறும் வீதியில் பிரேக் போட்டது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அது தப்பியது கடவுள் புண்ணியம். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஜப்பானில் 2020 ஏப்ரலுக்குப் பின் இந்த வேலையைச் சான்றுபெற்ற கராஜ்கள்தான் செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: கண்ணாடி போனால், முன் பம்பர் இடிபட்டால், அளவுதிருத்தம் யார் செய்வார், எங்கே, எவ்வளவுக்கு?

சின்னக் காரியங்களும் உண்டு. ரேடார் பெரும்பாலும் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும். அங்கே கம்பிக் காவல் பூட்டுவதோ சின்னத்தை மாற்றுவதோ அதன் கண்ணைக் கட்டுவது. கெமராவுக்கு முன்னால் சாமி படமோ மாஷா அல்லாஹ் ஸ்டிக்கரோ வேண்டாம், இடப்பக்கம் கீழே ஒட்டுங்கள். மார்கழி வெள்ளத்தில் பம்பர் அளவு தண்ணீருக்குள் ஓட்டினால் பின்மூலைகளில் உள்ள சென்சர்கள் நனைந்து கெடலாம். அப்புறம் மொழி: ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரீகண்டிஷன் காரின் திரை ஜப்பானிய மொழியில் எழுதும், ஜப்பானிய மொழியில் பேசும். 'முன் கெமரா வேலை செய்யவில்லை' என்று கார் சொல்வது நமக்கு விளங்காவிட்டால் அந்த வசதி இருக்கிறதென்றே நினைத்து ஓட்டிக்கொண்டிருப்போம். வாங்கிய முதல் கிழமையிலேயே ஒவ்வொரு எச்சரிக்கையையும் படம் எடுத்து, அலைபேசியில் மொழிபெயர்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏற்றவர் யார் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாதத்தில் பல இரவு ஓடுகிறவர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, அன்றிரவே திரும்புகிறவருக்குக் கண் சொருகும்போது கோடு விலகியதைச் சொல்லும் சத்தமும், முன்னால் நிற்கும் லொறியைக் கண்டு போடும் பிரேக்கும் உயிர்காக்கும். கோடே போடாத உள்வீதிகளில் மட்டும் ஓடுகிறவருக்கு அதன் பாதி வசதி உறங்கியே கிடக்கும்.

## பக்கத்துப் பக்கத்தில்

| வீதியில் நடப்பது | சீர்செய்த பழைய கார் | 2013–2017 கார் | 2020க்குப் பின் |
|---|---|---|---|
| நெரிசலில் முன் வாகனம் சட்டென நிற்பது | ஓட்டுநரின் கால்தான் | பெரும்பாலும் உதவும் | உதவும் |
| 60இல் போகும்போது முன் வாகனம் நிற்பது | ஓட்டுநரின் கால்தான் | 30 எல்லை உள்ளதில் உதவாது, 80வரை உள்ளதில் ஓரளவு | உதவும் |
| இருட்டில் நடந்து போகிறவர் | நல்ல முகப்பு விளக்கு | காணாது | ஓரளவு |
| மாடு, யானை | நல்ல முகப்பு விளக்கு | காணாது | நம்ப முடியாது |
| வெட்டித் திருப்பும்போது கார் சுழல்வது | காப்பு இல்லை | ஈஎஸ்சி இருந்தால் பிடிக்கும் | பிடிக்கும் |
| முன்கண்ணாடி உடைந்தால் | கண்ணாடிக் காசு மட்டும் | லேசர், கெமரா பார்க்க வேண்டும் | அளவுதிருத்தம் கட்டாயம் |

## மருமகனுக்குச் சொன்னது

அவன் ஓடுவது ஏ4 வீதியில், பாதி இருட்டில், பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில். 30இல் நின்றுவிடும் லேசர் அவனுக்கு வேலைக்காகாது. மூன்றாம் வழிக்குப் போக லீசிங் தவணை அவன் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் டயர் மாற்றுவதைத்தான் முதலில் தள்ளிப்போடுகிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே 2015க்குப் பிந்திய, ஈஎஸ்சியும் 80வரை வேலை செய்யும் பிரேக்கும் உள்ள காரைத் தேடச் சொன்னேன். கிடைத்த மிச்சக் காசில் நாலு டயர். கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம், இருக்கிற காரின் விளக்கையும் டயரையும் எயார் பேக்கையும் சரிசெய்து ஆறு மாதம் பொறு என்றேன்.

கார் பார்க்கும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தேன். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ், எயார் பேக், வழுக்கும் கார்ப் படம் மூன்றும் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். ஒன்று எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அந்தக் காரை விட்டுவிடு. ஆளில்லாத வீதியில், பின்னால் யாரும் இல்லையென்று பார்த்து, 40இல் போய் பிரேக்கை ஒரேயடியாக மிதி. கால் துடிக்கும், பயந்து காலை எடுக்காதே. அதுதான் ஏபிஎஸ் வேலை செய்வது. தானியங்கி பிரேக்கைச் சோதிக்கிறேன் என்று மட்டும் எந்தப் பொருளையும் நோக்கி ஓட்டாதே, ஸ்கேனர் உள்ள கராஜில் பிழைக் குறியீடு பார்த்தால் போதும்.

நிந்தவூரில் ஒரு 2016 அக்சியோ இருக்கிறதாம். கறுப்புப் பெட்டி இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, முன்கண்ணாடி ஒருதரம் மாற்றியது என்று விற்கிறவர் தானாகவே சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். கண்ணாடி மாற்றிய பிறகு அளவுதிருத்தம் செய்த சிட்டை இருக்கிறதா என்பதுதான் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி.